மறுமலர்ச்சிக் கண்காட்சிக்கு இலவசப் படங்கள்: எந்த அருங்காட்சியகம் கைகொடுக்கும், சென்னை அச்சுக்கடையில் என்ன சொல்ல வேண்டும்

சென்னையில் ஒரு கல்லூரி அரங்கில் மாணவர்கள் சேர்ந்து மறுமலர்ச்சிக் காலக் கலைக் கண்காட்சி வைக்கிறார்கள் என்றால், சுவரில் ஏறப்போவது அச்சுப் படிகள்தான். ஈரப்பதமும் வெப்பமும் இரவுபகலாகக் கட்டுக்குள் இல்லாத கூடத்துக்கு எந்த அருங்காட்சியகமும் அசலை அனுப்பாது. ஆகவே கண்காட்சி நன்றாக இருக்குமா என்பது இரண்டே விஷயத்தில் அடங்கியிருக்கிறது. படக்கோப்பு எங்கிருந்து வந்தது, அது எதன்மேல் அச்சானது. முதலாவதை வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் இலவசச் சேவையாகவே தருகின்றன. திரையில் பார்க்க எல்லாமே அழகுதான்; அச்சில் நிற்குமா என்பதை வைத்து மட்டுமே இங்கே அவற்றை மதிப்பிடுகிறோம்.

தொடங்க வேண்டிய இடம் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், சுருக்கமாக மெட். காப்புரிமைக் காலம் கடந்த படைப்புகளின் படங்களை 2017 பிப்ரவரியிலிருந்து ‘சிசி ஜீரோ’ உரிமத்தில் திறந்துவிட்டிருக்கிறது. அனுமதிக் கடிதம் வேண்டாம், கட்டணம் கிடையாது. வெட்டலாம், பெரிதாக்கலாம், அஞ்சலட்டை அடித்து விற்கவும் செய்யலாம். தேடும்போதே ‘ஓப்பன் அக்சஸ்’ என்ற வடிகட்டியைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இறக்க முடியாத படங்களையும் சேர்த்துப் பட்டியல் போட்டுவிட்டுக் கடைசியில் கையைப் பிசைய வேண்டியிருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் பிரதிகளும் நடுவில் கிடக்கும். அவற்றின் அளவு சிறியது, தாண்டிப் போகலாம்.

நல்ல கோப்பு என்றால் நீளப் பக்கம் 4000 பிக்சலை ஒட்டி இருக்கும். இந்த எண்ணை மனத்தில் வையுங்கள், மொத்தக் கண்காட்சியும் இதற்குள்தான் ஓடுகிறது. மிகக் கிட்டத்தில் நின்று பார்க்கும் படத்துக்கு 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி, வேண்டும். 4000 பிக்சல் அந்தக் கணக்கில் 34 செ.மீ. வரைதான் தாங்கும். இரண்டடி தள்ளி நின்று பார்ப்பதற்கு 150 போதும். அப்போது 68 செ.மீ. அதற்கு மேல் இழுத்தால் படம் கரையும்.

மெட்டில் உள்ள புரூகலின் ‘அறுவடை’ ஓவியத்தை (1565) எடுத்துக்கொள்ளுங்கள். அசல் 119 × 162 செ.மீ. 4000 பிக்சலை 162 செ.மீ.க்கு விரித்தால் 63 டிபிஐகூடத் தேறாது. கதிரும் தாளும் சேர்ந்து மஞ்சள் சேறாகிவிடும். போத்திசெல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ ஓவியம் இன்னும் மோசம். 172.5 × 278.5 செ.மீ. அசலுக்கு அதே கோப்பு 36 டிபிஐதான் தரும். நகரின் நல்ல இங்க்ஜெட் இயந்திரங்களில் வழக்கமான பெரிய ரோல் 44 அங்குலம், அதாவது 112 செ.மீ.; இரண்டு துண்டாக அடித்து ஒட்ட வேண்டும், ஒட்டு வீனஸின் உடம்பில்தான் வந்து விழும். இருந்தும் மாணவர் கண்காட்சி என்றால் முதல் சுவரில் போத்திசெல்லிதான் இருக்கிறார். ஏன் என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த படம் என்பார்கள். தெரிந்த படத்தை மங்கலாகப் பார்க்க யார் வரப்போகிறார்கள்?

இப்போது ஜெர்மன் கலைஞர் தியூரரின் காண்டாமிருகத்தைப் பாருங்கள். 1515இல் வெட்டிய மரச்செதுக்கு அச்சு, 23.5 × 29.8 செ.மீ. 4000 பிக்சல் கோப்பை அசல் அளவுக்கே அடித்தால் 340 டிபிஐ கிடைக்கும். கோடு கோடாக, கத்தி திரும்பிய இடம் வரைக்கும் தெரியும். அசலும் காகிதத்தில் மை, படியும் காகிதத்தில் மை. மெய்யான அளவில், மெய்யான பொருளில் நிற்கிறது. எங்கள் தீர்ப்பு இதுதான்: மறுமலர்ச்சியை உலகம் முழுக்கக் கொண்டுபோனதே அச்சுப்படங்களும் சிறு சுவடிகளும். மாணவர் கண்காட்சியை அவற்றைக் கொண்டு கட்டினால் கோப்பும் தாங்கும், சரித்திரமும் சரியாக இருக்கும்.

காண்டாமிருகம் நம் கரையிலிருந்து போனது என்பது கூடுதல் லாபம். குஜராத் சுல்தான் முசாஃபர் ஷா, போர்ச்சுகீசிய ஆளுநர் அல்புகர்க்கிக்குக் கொடுத்த விலங்கு அது. கோவாவிலிருந்து கப்பலேறி 1515 மே 20 அன்று லிஸ்பன் சேர்ந்தது. தியூரர் அதை நேரில் பார்த்ததே இல்லை. வந்து சேர்ந்த ஒரு குறிப்பையும் கோட்டுப்படத்தையும் வைத்து வரைந்தார், அதனால்தான் தோளில் இல்லாத கொம்பு ஒன்று முளைத்திருக்கிறது. ‘நேரில் கண்டு வரைந்தது’ என்று குறிப்பட்டையில் எழுதிவிடாதீர்கள். அச்சின் மேலே உள்ள ஜெர்மன் வாசகம் 1513 என்று தவறான ஆண்டைச் சொல்கிறது. அதையும் அப்படியே நகலெடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த மரக்கட்டையைப் பின்னால் பலமுறை மறுபடி அச்சடித்தார்கள். 1515ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் வாசகம் ஐந்து வரி. இறக்கும் கோப்பில் வரியை எண்ணிப் பாருங்கள். பச்சை நிறப் பின்புலத்தோடு ஒன்று கிடைக்கும்; பார்க்கக் கவர்ச்சியாக இருந்தாலும் அது 17ஆம் நூற்றாண்டில் ஹாலந்தில் நிறம் சேர்த்து அடித்தது.

பக்கத்தில் மாட்ட வேண்டியது ஹான்ஸ் புர்க்மையரின் 1508ஆம் ஆண்டு மரச்செதுக்கு வரிசை. 1505இல் போர்ச்சுகீசியக் கப்பலில் இந்தியா வந்துபோன ஜெர்மன் வணிக முகவர் பல்தசார் ஸ்பிரிங்கரின் குறிப்பை வைத்து, ஆப்பிரிக்கக் கரை முதல் கொச்சி அரசரின் ஊர்வலம் வரை போகிறது. பல தாள்களை ஒட்டினால்தான் முழுப்படம். ஒரே அருங்காட்சியகத்தில் எல்லாத் தாளும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுத்தால் காகித நிறம் தாளுக்குத் தாள் மாறும். அதைச் சரிசெய்கிறேன் என்று எல்லாவற்றையும் வெள்ளையாக்குவதைவிட, மாறியபடியே விட்டு, எது எங்கிருந்து வந்தது என்று எழுதுவதே நேர்மை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகம் பலருக்குத் தெரியாத நல்ல சேவை. 2019 ஜனவரியிலிருந்து சிசி ஜீரோ. இங்கே ஜேபெக் மட்டுமல்லாமல் டிஃப் கோப்பும் கிடைக்கிறது. சுருக்காத கோப்பு என்பதால் கருமையான பகுதிகளில் கட்டம் கட்டமாக உடையாது. அக்பர் அவையில் 1560களின் முற்பாதியில் உருவான ‘தூத்தி நாமா’ கிளிக்கதைச் சுவடி இவர்களிடம்தான் இருக்கிறது. ஏடு ஏறக்குறைய ஏ5 தாளின் அளவு. அசல் அளவில் அடிக்க இதைவிடத் தோதான பொருள் இல்லை. ஒரு எச்சரிக்கை: இந்த ஏடுகளில் ஐரோப்பியத் தாக்கம் என்று எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். ஏசு சபையினர் ஃபத்தேபூர் சிக்ரிக்கு வந்தது 1580இல். ஆண்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை அக்பருக்குக் கொடுத்ததும் அப்போதுதான். அந்தத் தாக்கத்தைக் காட்ட வேண்டுமானால் 1600 வாக்கில் சிறுவன் அபுல் ஹசன், தியூரரின் செதுக்கிலிருந்து புனித யோவானை வரைந்தானே, அதைப் போடுங்கள். அது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியனில் இருக்கிறது. இலவசப் பட்டியலில் வராது, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும்.

வாஷிங்டன் தேசியக் கலைக்கூடமும் 2012 முதலே தாராளம். அமெரிக்கக் கண்டங்களிலேயே பொதுமக்கள் பார்க்கக் கிடைக்கும் ஒரே லியொனார்தோ ஓவியமான, ஜினெவ்ரா என்ற பெண்ணின் உருவப்படம் இங்கே. மரப்பலகையின் பின்புறமும் தீட்டப்பட்டது. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிக் கோப்பு உண்டு. சட்டத்தை நடுக்கூடத்தில் தொங்கவிட்டு இருபுறமும் காட்டலாம். பலகை 38 × 37 செ.மீ. மட்டுமே என்பதால் கோப்பு தாராளமாகப் போதும். ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் அச்சுப்படச் சேகரம் ஆழமானது, கோப்புகளும் பெரியவை. லூக்கஸ் வான் லெய்டன், கோல்ட்சியஸ் போன்ற நெதர்லாந்து அச்சுக்கலைஞர்கள் வேண்டுமென்றால் வேறு எங்கும் அலைய வேண்டாம்.

லண்டன் வேறு கதை. பிரிட்டிஷ் மியூசியம் படங்களைத் தருகிறது, ஆனால் வணிகம் கூடாது என்ற நிபந்தனையோடு. கூடத்தில் மாட்டலாம், நிதி திரட்ட அட்டவணைப் புத்தகம் அடித்து விற்றால் அந்தப் படம் உள்ளே இருக்கக் கூடாது. லண்டன் நேஷனல் கேலரி இலவசமாகத் தரும் கோப்பு சிறியது. அதன் உரிமம் படத்தை மாற்றக் கூடாது என்கிறது. வெட்டி ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்குவதும் மாற்றம்தான். 1480இல் ஜெந்திலே பெல்லினி தீட்டிய ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மதின் உருவப்படம் அவர்கள் சேகரத்தில் இருப்பதால் ஆசை வரத்தான் செய்யும். இஸ்தான்புல் தொடர்பைச் சொல்ல அந்தப் படம் இல்லாமல் முடியாது என்றால், முழுப்படமாக, சிறிதாக, உள்ள பிக்சலுக்குள் அடங்கும் அளவில் போடுங்கள். லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், இலங்கையின் கோட்டை (கோட்டே) இராச்சியக் காலத்துத் தந்தப் பேழை இருக்கிறது. இலங்கைச் சிற்பி தியூரரின் செதுக்கிலிருந்து எடுத்து வைத்த உருவத்தை அதில் காணலாம். வணிகமற்ற பயன்பாடு என்று விதிமுறையில் சரிபார்த்துவிட்டு எடுங்கள்.

இத்தாலியில் 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் குறுக்கே நிற்கிறது. வணிகத்துக்குப் படியெடுக்க அனுமதியும் கட்டணமும் வேண்டும். அதே வீனஸை உடையில் அச்சிட்டதற்காக 2022இல் அந்த ஓவியத்தை வைத்திருக்கும் ஃபுளோரன்ஸின் உஃபீத்ஸி அருங்காட்சியகம் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தின் மேல் சட்ட நடவடிக்கை எடுத்தது. கல்லூரிச் சுவரைத் தேடி யாரும் வரப்போவதில்லை. ஆனால் நினைவுப் பொருள் மேசையில் வீனஸ் குவளை வைப்பது அவசியமா?

கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் பார்த்துப் படிக்க அருமை, அச்சுக்கு ஆகாது. இறக்கும் பொத்தான் இல்லை. திரையைப் படம் பிடித்தால் 1920 பிக்சல் அகலம், 150 டிபிஐயில் 32 செ.மீ.தான். விக்கிமீடியாவில் ஒரே ஓவியம் நாலு நிறத்தில் இருக்கும்; அங்கே கண்டுபிடித்து, மூல அருங்காட்சியகத்துக்குப் போய் எடுங்கள்.

எந்தக் கோப்பு வந்தாலும் அச்சில் சாகும் பொருள்கள் சில உண்டு. 1539இல் மெக்சிகோவில் பறவை இறகால் செய்த ‘புனித கிரகோரியின் பூசை’ உலகளாவிய மறுமலர்ச்சிக்கு முதல்தர உதாரணம், இப்போது பிரான்சின் ஓஷ் நகரில் உள்ளது. தேன்சிட்டு இறகின் நிறம் பார்க்கும் கோணத்துக்கேற்ப மாறுவது. நாலு வண்ண மையில் அது சாதாரண ஓவியம்போல் செத்துக் கிடக்கும். பொற்தகட்டுப் பின்புலமும் அப்படியே, கடுகு நிறமாகிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் அரசவையின் தந்த முகமூடி (மெட், உயரம் 23.8 செ.மீ.) தப்பிக்கிறது. கறுப்புப் பின்புலத்தில் எடுத்த புகைப்படம் அசல் அளவில் நன்றாக நிற்கும்.

இனி அச்சுக்கடை. சென்னையில் மூன்று வகைச் சேவை கிடைக்கும். தெருவுக்குத் தெரு இருக்கும் ஃப்ளெக்ஸ் கடை சதுர அடிக் கணக்கில் மலிவு. பிளாஸ்டிக் பளபளப்பில் விளக்கு திருப்பி அடிக்கும், நிழல் பகுதி முழுக்க ஒரே கறுப்பாகிவிடும். ஜினெவ்ராவின் தலைக்குப் பின்னால் உள்ள இலைக்கொத்து ஃப்ளெக்ஸில் மைக்கறை மாதிரி தெரியும். வாசல் பேனருக்கு மட்டும் இவர்களிடம் போங்கள்.

இரண்டாவது, 13 × 19 அங்குலத் தாளில் லேசர் அச்சு அடிக்கும் டிஜிட்டல் பிரஸ். மரச்செதுக்குகளுக்கு இதுவே போதும். காண்டாமிருகம் தாளுக்குள் சுற்றிலும் ஓரம் விட்டு அடங்கிவிடும். ஆர்ட் பேப்பர் வேண்டாம், டோனர் மினுங்கும். பாரிமுனை ஆண்டர்சன் தெருக் காகிதக் கடைகளில் பூச்சில்லாத, லேசான பழுப்பு நிறத் தாளைத் தேடி வாங்கிக் கொடுக்கலாம். ஆனால் முதலில் இயந்திரம் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கன அளவு) வரை இழுக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாளே பழுப்பு என்றால் கோப்பின் பழுப்பை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பழுப்பின்மேல் பழுப்பு ஏறி, தேநீர் கொட்டியதுபோல் இருக்கும்.

மூன்றாவது, நிறமி மை இங்க்ஜெட், மேட் தாள். வண்ண ஓவியத்துக்கு இது ஒன்றுதான். செலவு கூடும் என்பதால் நாலைந்து முக்கியப் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இவர்களே கேன்வாஸில் அடித்துத் தருகிறோம் என்பார்கள். மறுத்துவிடுங்கள். 15ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் பெரும்பாலும் மரப்பலகையில் வழவழவென்று தீட்டியவை. துணி நெசவைப் பொய்யாகச் சேர்ப்பது எதற்கு?

எந்தக் கடையானாலும் மூன்று விஷயத்தை வாயால் சொல்லாமல் ஆர்டர் சீட்டில் எழுதுங்கள். ‘நூறு சதவீத அளவு, பக்கத்துக்கு ஏற்பச் சுருக்க வேண்டாம்’ என்பது ஒன்று. பழக்கத்தில் ஆபரேட்டர் ‘ஃபிட் டு பேஜ்’ தட்டிவிடுவார், அசல் அளவு என்று குறிப்பில் எழுதியது பொய்யாகிவிடும். வாங்கும்போது ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். இரண்டு, ‘நிறத்தைத் தொடக் கூடாது’. கல்யாண ஆல்பம் பழக்கத்தில் முகத்தைச் சிவப்பேற்றி வெளுக்க வைத்துவிடுவார்கள். மூன்று, முழுப்படத்துக்கு முன் சோதனைத் துண்டு. படத்தின் மிகக் கருமையான இடத்தையும் முகத்தையும் சேர்த்து ஒரு ஏ4 துண்டு அடித்து, கடை விளக்கில் பார்க்காமல் கண்காட்சிக் கூடத்தின் விளக்கடியில் வைத்துப் பாருங்கள்.

ஒட்டுவதில்தான் சென்னை தன் குணத்தைக் காட்டும். பகலில் ஏசி, இரவில் நிறுத்தம், வெளியே ஐப்பசி கார்த்திகை மழை என்றால் காகிதம் ஈரத்தை இழுத்து விட்டு இழுத்து விட்டு அலையலையாக நெளியும். பின் குத்தி மாட்டிய தாள் மறுநாள் ஓரம் சுருண்டிருக்கும். ஃபெவிகால் தடவவே கூடாது, அதிலுள்ள தண்ணீரே சுருக்கம் போடும். அழுத்தினால் ஒட்டும் பசைப்படலத்தை உருளையில் ஓட்டி சன்போர்டில் (எடை குறைந்த நுரைப் பலகை) ஏற்றும் கடையில் கொடுங்கள். இரண்டடியைத் தாண்டினால் 3 மி.மீ. போர்டு வில்லாக வளையும், 5 மி.மீ. கேளுங்கள். வினைலில் சால்வென்ட் மையால் அடித்திருந்தால் ஒரு நாள் ஆறவிட்டுத்தான் லேமினேஷன். மையிலுள்ள ஆவி வெளியேறாமல் மூடினால் குமிழ் வரும், ஓரம் பிரியும். சாமி படம் போடும் ஃபிரேம் கடையில் கொடுத்தால் கண்ணாடியை அச்சின்மேல் நேராக வைத்து ஆணி அடித்துவிடுவார்கள். ஈரக்காற்றில் மை கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். இடையில் மவுண்ட் போர்டு என்னும் தடித்த அட்டையை வெட்டி வைக்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணாடியே வேண்டாம் என்று விடுங்கள். அச்சுப் படிக்குக் கண்ணாடி என்ன காப்பாற்றப் போகிறது!

குறிப்பட்டைதான் அதிகம் சொதப்பும் இடம். தமிழ் யூனிகோடில் தட்டிக் கொடுத்த வாசகத்தை டிடிபி கடை பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ஃப, ஜ, ஸ் போன்றவை உடையும். ஐரோப்பியப் பெயர்களில் இருப்பதெல்லாம் அந்த எழுத்துகள்தான். ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்தமைப்பை இயக்காமல் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறும். நீங்களே அடுக்கி, எழுத்துகளைக் கோட்டுருவாக்கி (அவுட்லைன்), பிடிஎஃப் ஆகக் கொடுத்துவிட்டால் கடையில் யாரும் தொட முடியாது. 20 புள்ளிக்குக் குறையாத எழுத்து, அதில் ஒன்றரைப் பங்கு வரியிடைவெளி. குறைத்தால் மேல்வரியின் கூ, கீழ்வரியின் கியோடு முட்டும். ஒரு படத்துக்கு 60 சொல் போதும். கலைஞர், ஆண்டு, பொருள், அசலின் அளவு, இருக்கும் அருங்காட்சியகம், அதன் பதிவெண், கடைசியில் ‘அச்சுப் படி, அசல் அளவு’ அல்லது ‘அசலில் பாதி’. பதிவெண்ணைப் படம் இறக்கும் அன்றே கோப்பின் பெயரில் சேர்த்துவிடுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது.

மாட்டும் உயரம் படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 செ.மீ. பள்ளிப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள் என்றால் இன்னும் இறக்கலாம். ஸ்பாட் விளக்கு செங்குத்திலிருந்து 30 பாகை சாய்வில். நிறத்தை உள்ளபடி காட்டும் திறனைச் சொல்லும் நிறக்காட்டுக் குறியீடு (சிஆர்ஐ) 90க்கு மேல் உள்ள எல்இடி கேளுங்கள், சாதாரண பல்பில் சிவப்பு மங்கும்.

உள்ளூர்ச் சுவருக்கு இரண்டு பரிந்துரை. 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’, பதினாறே பக்கம், படி ஹார்வர்டில் இருக்கிறது. இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் நூல். தியூரரின் மரக்கட்டையும் இந்த எழுத்துகளும் ஒரே தொழிலின் இரு முனைகள், எதிரெதிரே மாட்டலாம். மற்றொன்று மயிலாப்பூர் பிரகாச மாதா கோயில். அதன் கல்வெட்டு 1516 என்கிறது, காண்டாமிருகம் லிஸ்பனில் இறங்கிய மறு ஆண்டு. இதற்கு எந்த அருங்காட்சியகத்தின் கோப்பும் வேண்டாம். கோயிலில் அனுமதி வாங்கி, காலை வெயில் கல்வெட்டின்மேல் சாய்வாக விழும் நேரத்தில், முக்காலியில் வைத்து எடுத்தால் எழுத்து தெளியும். ஃபிளாஷ் போட்டால் செதுக்கு தட்டையாகிவிடும்.